முகவரி திருத்தப்பட்டது

ஹேஸ்டிங்ஸ், பிப்ரவரி, 1943

லிபி,
இன்று ஏழு கடை ஏறினேன்.
பெட்டியைத் திறந்தால் கறுப்பு வெல்வெட்டில்
பன்னிரண்டு ஜிப்புகள்,
பித்தளைப் பல்வரிசை.
ஒவ்வொரு கடைக்காரரும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார்,
மேலே, கீழே,
அந்தச் சத்தத்துக்காகவே.
"சரக்கு எப்போது வரும்?"
"போர் முடிந்ததும்."
இதைச் சொல்லத்தான் இப்போது எனக்குச் சம்பளம்:
இல்லாத சரக்கை
யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள.

ரயிலில் ஒரு சிப்பாய்ப் பையன்
தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தான்.
எதிர் இருக்கை அம்மாள் என் கோட்டைப் பார்த்தாள்,
பிறகு என் இரண்டு கால்களையும்.
நாற்பத்தாறு வயது என்று
நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளவா?
ஷெல்டன் வரை அவனை எழுப்பாமல்
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
தோள் இன்னும் மரத்திருக்கிறது.

செவ்வாய் காலை வரை நார்த் பிளாட், பசிபிக் ஹோட்டல்.
அதன்பின் ஒகலாலா.
பின் பக்கத்தில் மீதி ஊர்களை எழுதியிருக்கிறேன்.

                              உன் ஆல்பின்

•

வில்பர், திங்கள் இரவு

ஆல்பின்,
சர்க்கரைக் கூப்பன் தீர்ந்துவிட்டது.
கொலாச்சிக்குக் கசகசாவோடு தேன் விட்டரைத்தேன்,
ஓடி ஒழுகி அடுப்புத் தட்டெல்லாம் கறுப்பு.
நெட்டோலிட்ஸ்கி வீட்டுச் சன்னலில்
இரண்டாவது நட்சத்திரம் தைத்தாயிற்று.
வ்லாஸ்தா என்னோடு பேசும்போது
நம் வெறும் சன்னலைப் பார்த்தே பேசுகிறாள்.

கிராண்ட் ஐலண்ட் பக்கம் புது ஆலை.
குண்டுக்குப் பித்தளை முனை கடைகிறார்கள்.
உன் ஜிப்புக்குப் போகவேண்டிய பித்தளை
எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது, பார்.
பெண்களை எடுக்கிறார்கள். இரவு ஷிப்டு. பஸ் உண்டு.
மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான்
இயந்திரத்தில் கை வைக்க வேண்டுமாம்.

போகட்டுமா?
வேண்டாம் என்றால் தந்தி அடி.
வியாழனுக்குள் ஒன்றும் வரவில்லையென்றால்
சரி என்று எடுத்துக்கொள்வேன்.

                              லிபி

•

தபாலட்டை, ஒகலாலா:

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.
கோபமா?

தபாலட்டை, சிட்னி:

பனி. கடைகள் மூடல்.
என்ன செய்தேன் என்றாவது சொல்.

•

வில்பர், ஞாயிறு

நீ மறுக்கவில்லை. சந்தோஷம்.
முதல் வாரச் சம்பளம் முப்பத்தொரு டாலர்.
உன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை
(பார்த்தேன்).
எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் பித்தளை வாசனை.
நீ ஊரிலிருந்து வரும்போதெல்லாம் உன்மேல் வீசுமே,
அதே வாசனை.
தூங்கும்போது கையை
மூக்கருகே வைத்துக்கொள்கிறேன்.

•

மார்ச்சில் கம்பெனி
மாதிரிப் பெட்டியையும் திருப்பிக் கேட்டது.
பன்னிரண்டு ஜிப்பும் உருக்குவதற்கு.
வெல்வெட்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வீட்டில் யாரும் இல்லை. பகலில் அவள் தூங்கிய
கட்டில் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தான்.
மறுநாள் காலை, அவள் இன்னும் திரும்பியிராத நேரம்,
தபால்காரர் நீட்டினார் ஒரு உறை:
நார்த் பிளாட் அடித்து, ஒகலாலா அடித்து,
சிட்னி அடித்து, அலையன்ஸ் அடித்து,
கடைசியில் யாரோ அலுத்துப்போன கையெழுத்தில்
வில்பர்.

நின்றபடியே படித்தான். அடுப்பேற்றினான்.
காபித்தூள் காகிதத்தைக் கிழித்து எழுதினான்:

லிபி,
இது அன்றைக்கே கிடைத்திருந்தால்
வேண்டாம் என்றுதான் அடித்திருப்பேன்.
ஒரே சொல். யோசித்துக்கூட இருக்கமாட்டேன்.
சூப் அடுப்பில் இருக்கிறது.
நான் ரயில் கூட்ஸ் ஷெட்டில் வேலை கேட்கப் போகிறேன்.

மாலையில் அவன் வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.
கோப்பைக்கு அடியில் அதே காகிதம்,
பின் பக்கம் பென்சிலில்:

தெரியும்.
அதனால்தான் திங்கள் இரவு எழுதி
நார்த் பிளாட்டுக்குப் போட்டேன்.
நீ செவ்வாய் காலையே கிளம்பிவிடுவாய் என்று
எழுதியிருந்தாயே.

சூப்பில் உப்பு இல்லை.